முனைவர் பட்டப் படிப்பில் மூன்று மணி நேரத் தத்துவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வுகளின் தரம் குறித்து நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் கருத்துத் திருட்டு, போலி ஆய்விதழ்கள், காசுக்கு ஆய்வேடு எழுதித் தரும் கடைகள் ஆகியவற்றையே சுற்றி வருகின்றன. அவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் எதையும் திருடாமல், நல்ல ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டு, தம் கைப்பட ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறும் நேர்மையான ஆய்வாளரிடமும் ஒரு பெருங்குறை இருக்கிறது. ஓர் அளவீடு எப்போது சான்றாகிறது, ஒரு முடிவை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த நிலையில் அதைக் கைவிட வேண்டும், தம் துறை ஒன்றை உண்மையென்று ஏற்பதற்கு என்னென்ன வழிகளை வைத்திருக்கிறது என்பவற்றை அவர் எவரிடமும் முறையாகக் கற்றதில்லை. இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன், பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைப் புறத்தேர்வாளராக மதிப்பிட்டவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர் எந்தத் துறையினராயினும் ‘ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு அறம்’ என்ற பாடத்தைப் படித்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 டிசம்பரில் விதித்தது. அதற்கு இரண்டு கிரெடிட் (பாடத்தின் எடையைக் குறிக்கும் மதிப்பலகு), 30 மணி நேரம். 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிமுறைகளும், ஆய்வாளர் படித்தாக வேண்டிய, குறைந்தது 12 கிரெடிட் கொண்ட வகுப்புப் பாடங்களில் (கோர்ஸ் ஒர்க்) இந்தப் பாடம் இருந்தாக வேண்டும் என்கின்றன. நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. பாடத்திட்டத்தில் நேரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். தத்துவத்துக்கும் அறத்துக்கும் சேர்த்து 3 மணி நேரம், அறிவியல் நடத்தைக்கு 5, வெளியீட்டு அறத்துக்கு 7, திறந்த அணுகல் வெளியீட்டுக்கு 4, வெளியீட்டு முறைகேடுகளுக்கு 4, தரவுத்தளங்களுக்கும் ஆய்வு அளவைகளுக்கும் 7. அதாவது, ஆய்விதழின் மேற்கோள் அளவான இம்பாக்ட் ஃபேக்டர் என்றால் என்ன, ஆய்வாளரின் மேற்கோள் அளவான எச் இன்டெக்ஸைக் கணக்கிடுவது எப்படி, ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடுவது எப்படி என்பவை இடம்பெறும் அலகு, தத்துவ அலகைவிட இரு மடங்குக்கும் கூடுதலான நேரத்தைப் பெறுகிறது. அந்த மூன்று மணி நேரத்துக்குள்ளும் தத்துவத்தின் வரையறை, அதன் கிளைகள், அறவியல், அறத் தீர்ப்புகளின் இயல்பு என்று ஒரு பெரும் பட்டியல் அடைக்கப்பட்டுள்ளது. அறிவியலின் தன்மை என்ற பொருள் அந்தப் பட்டியலில் தனியாக இல்லவே இல்லை.

நடைமுறை இதைவிடச் சுருக்கமானது. குழு விவாதமும் செயல்முறை வகுப்பும் வேண்டும் என்று மானியக் குழுவின் ஆவணம் சொன்னாலும், பல இடங்களில் தத்துவ அலகு ஒரு பிற்பகலில், எல்லாத் துறை ஆய்வாளர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருக்க, பவர்பாயின்ட் துணையுடன் முடிந்துவிடுகிறது. அறிவியல் தத்துவ அறிஞர்களில் பாப்பர் என்றால் ‘பொய்யென்று காட்ட வழியிருப்பதே அறிவியல்’, கூன் என்றால் ‘கருத்துச் சட்டக மாற்றம்’ என்று ஆளுக்கொரு வரியை மாணவர் குறித்துக்கொள்கிறார்; தேர்விலும் அதே வரி வருகிறது. எஞ்சும் நேரமெல்லாம், கருத்துத் திருட்டைத் தேடும் மென்பொருளில், பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை விழுக்காடு 10ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கவலையிலேயே கழிகிறது. 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில் 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்பதால், அந்த எண்ணே இன்று நேர்மையின் அளவுகோலாகிவிட்டது. சொல்லை மாற்றிப் போட்டால் மென்பொருள் விட்டுவிடும். தரவைத் தவறாகப் புரிந்துகொண்டால் கண்டுபிடித்துச் சொல்ல எந்த மென்பொருளும் இல்லை.

அப்படியானால் எதைக் கற்பிக்க வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் துறையிலிருந்தே, தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒரு கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். 1928இல் அந்த நாளில் சர் சி.வி. இராமன் தம் பெயர் தாங்கிய விளைவை, அதாவது ஒரு பொருளில் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவருவதை, கண்டுபிடித்தார் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆனால் நிறம் மாறிய அந்த மங்கலான ஒளி, கல்கத்தாவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் 1923ஆம் ஆண்டிலேயே கண்ணில் பட்டுவிட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். இராமநாதன், இராமனின் வழிகாட்டலில் நீரில் ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார். சூரிய ஒளியை ஊதா வடிப்பான் வழியாக நீருக்குள் செலுத்தி, வெளிவரும் ஒளியை அதற்கு எதிர்நிறமுள்ள மற்றொரு வடிப்பான் வழியாகப் பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது; ஆனால் ஏதோ கொஞ்சம் தெரிந்தது. நீரில் கலந்திருக்கும் மாசு ஒளியை உறிஞ்சி வேறு நிறத்தில் உமிழ்வதால் எழும் மெல்லிய ஒளிர்வு அது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அது அறிவுக்குப் பொருந்திய முடிவும்கூட. ஏனென்றால் திரவங்களில் மாசினால் ஒளிர்வு தோன்றுவது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆகவே நீரை வெற்றிடத்தில் மெதுவாக, மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கினார்கள். ஒளி போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் வேறு பல திரவங்களில் அதையே கண்டார். அப்போதும் அது ‘மெல்லிய ஒளிர்வு’ என்ற பெயரிலேயே இருந்தது.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி ஆய்வாளர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 1923க்கும் 1928க்கும் இடையில் இயற்கையில் எதுவும் மாறவில்லை, திரவமும் ஒளியும் அவையேதான் என்றால், மாறியது என்ன? முதலில், கேள்வி கேட்கும் விதம் மாறியது. எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மாறுகிறது என்று அமெரிக்க இயற்பியலாளர் காம்ப்டன் காட்டியதற்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அதற்கு இணையான ஒன்று இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இராமனின் ஆய்வகத்தில் வலுத்தது. அதே ஆண்டின் இறுதியில், தூய கிளிசரினில் சிதறும் சூரிய ஒளி நீலமாக இல்லாமல் பசுமை கலந்து தெரிகிறது, அதோடு வலுவாக முனைவாக்கமும் (ஒளி அலையின் அதிர்வு ஒரே திசையில் அமைவது) பெற்றிருக்கிறது என்று அதே ஆய்வகத்தின் எஸ். வெங்கடேசுவரன் கண்டார். இது முக்கியமான தடயம். சாதாரண ஒளிர்வு அப்படி வலுவான முனைவாக்கத்தைக் காட்டுவதில்லை. மாசு என்ற விளக்கம் ஒளியின் இருப்புக்குப் பதில் சொன்னது. அதன் முனைவாக்கத்துக்குச் சொல்ல முடியவில்லை. 1928 ஜனவரியில் கிருஷ்ணன் மறுபடியும் சோதனை மேசைக்கு வந்தார், பிப்ரவரியில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரவங்களைச் சோதித்தார்கள், மாதக் கடைசியில் பாதரச விளக்கையும், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியையும் கொண்டு பார்த்தபோது புதிய நிறமாலை வரிகள் தெளிவாகத் தெரிந்தன. மார்ச் 31ஆம் நாளிட்ட நேச்சர் இதழில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் குறிப்பு வெளிவந்தது. அதே பிப்ரவரியில், ஒரு வாரம் முன்பாகவே, மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இயற்பியலாளர்கள் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். அவர்கள் தேடிப் புறப்பட்டதோ படிகத்துக்குள் நிகழும் வெப்ப அலைகளால் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது.

இந்த ஒரு வரலாற்றுக்குள் எத்தனை கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எதிர்பார்ப்புக்கு மாறான அளவீடு வந்ததும் கோட்பாட்டைச் சந்தேகிப்பதா, மாதிரியின் தூய்மையைச் சந்தேகிப்பதா? எத்தனை முறை வடித்தால் ‘இது மாசு அல்ல’ என்று சொல்லும் உரிமை வருகிறது? இராமநாதன் அந்த ஒளியைக் கண்டார் என்றால், அவர் அதைக் கண்டுபிடித்தவர் ஆவாரா? கண்ணால் காண்பதற்கும் ‘இது இன்னது’ என்று காண்பதற்கும் இடையில் கோட்பாடு எவ்வளவு வேலை செய்கிறது? மாஸ்கோவிலும் கல்கத்தாவிலும் வேறு வேறு எதிர்பார்ப்போடு தொடங்கியவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது, அந்த விளைவு நம் மனத்தின் கற்பனை அன்று என்பதற்கு எத்தகைய சான்று? கிருஷ்ணனின் பங்குக்கும் வெங்கடேசுவரனின் பங்குக்கும் நியாயமான இடம் எது? இவற்றுள் எதற்கும் ஒரு வரியில் விடை கிடையாது. ஆனால் இவற்றைப் பற்றி இரண்டு பிற்பகல் வாதாடிய ஆய்வாளர், தம் சொந்தச் சோதனையில் ஒதுங்கி நிற்கும் ஒரு புள்ளியை ‘கருவிப் பிழை’ என்று அழிப்பதற்கு முன் சற்றே கை நிறுத்துவார். பாப்பரின் ஒரு வரி அதைச் செய்யாது.

தவறாமல் வெற்றியில் முடிந்த கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் ஒருவகைப் பொய்யாகிவிடும். 2018 ஜூலையில், பொன்னும் வெள்ளியும் சேர்ந்த நுண்துகள் அமைப்பொன்று 236 கெல்வின் (ஏறத்தாழ −37 டிகிரி செல்சியஸ்) வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தியாகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர், சக ஆய்வாளர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே கட்டுரைகளை வெளியிடும் முன்வெளியீட்டுத் தளத்தில் அறிவித்தனர். உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த மாதமே அமெரிக்காவிலிருந்த ஓர் இயற்பியலாளர், வேறு வேறு காந்தப் புலங்களில் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட இரு வரைகோடுகளில், தற்செயலாக அமைய வேண்டிய இரைச்சல் (அளவீட்டின் சிறு ஏற்ற இறக்கங்கள்) புள்ளிக்குப் புள்ளி ஒன்றுபோலவே இருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஆய்வை அறிவித்தவர்கள் தங்கள் முடிவில் நின்றனர். 2019இல் மேலும் சிலரைச் சேர்த்துக்கொண்டு விரிவான தரவுகளையும் வெளியிட்டனர். எனினும் துறை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. யார் குற்றவாளி என்று தீர்ப்பு வழங்க இதை நான் நினைவூட்டவில்லை. கவனிக்க வேண்டியது, அந்தக் கேள்வியைக் கேட்டவர் எதைப் பார்த்தார் என்பது. எல்லோரும் வரைகோடு கீழே விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் எவரும் பார்க்காத இரைச்சலைப் பார்த்தார். அது தற்செயலாக வாய்த்த கூர்மையா, பயிற்சியால் வளர்க்கக்கூடியதா? வளர்க்கக்கூடியது என்றே நான் கருதுகிறேன். 2023இல் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் பற்றி இதே போன்ற அறிவிப்பு வந்தபோது, உலகெங்கும் ஆய்வகங்கள் சில வாரங்களில் அதைச் செய்து பார்த்து இல்லை என்றன. அவற்றில் புது டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் ஒன்று. அதன் முதல் இயக்குநர் மேலே சொன்ன கிருஷ்ணன்தான்.

அறிவியல் துறைகளுக்கு மட்டுமே இது தேவை என்று எண்ண வேண்டாம். சொல்லப்போனால் கல்வியியல், மேலாண்மை, வணிகவியல், உளவியல் ஆய்வேடுகளில் இந்தத் தேவை இன்னும் கடுமையானது. நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகளில் ஒரு வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்து நிலை வினாத்தாள் ஒன்றைச் சில நூறு பேரிடம் கொடுத்து நிரப்பி வாங்குவது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுவது. ஆண் பெண், நகரம் கிராமம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி, மூத்தோர் இளையோர் என்று கிடைத்த எல்லாப் பிரிவுகளுக்கிடையிலும் வேறுபாடு உண்டா என்று பார்ப்பது. பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்த இடத்திலெல்லாம் ‘இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது’, அதாவது வேறுபாடு இல்லை என்பது தவறு, என்று எழுதுவது. உண்மையில் எந்த வேறுபாடுமே இல்லாத தரவில், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை இவ்வாறு செய்தால், ஒன்றிலாவது ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ தென்படுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 64 விழுக்காடு. இது பள்ளிக் கணக்கு, 0.95ஐ இருபது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் போதும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஆய்வேட்டை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கருதுகோள் உண்மையாக இருப்பதன் நிகழ்தகவைப் பி மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016இல் தனி அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியில், மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவு காட்டியிருக்க, மீள்செய்கையில் 36 விழுக்காடே காட்டின. அவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். அவர்கள் நல்லெண்ணத்தோடு, தங்கள் துறை கற்றுக்கொடுத்த வழியிலேயே நடந்தவர்கள். அந்த வழியை நின்று கேள்வி கேட்கத்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை.

தொல்லியல் ஆய்வாளருக்கும் இதே வகையான கேள்விகள் உண்டு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் தெரிவித்ததும் நாம் அனைவரும் மகிழ்ந்தோம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் முனைவர் பட்ட ஆய்வாளர் அந்த மகிழ்ச்சியோடு நில்லாமல், கரித்துண்டின் வயது அதே அடுக்கில் கிடைத்த பானையோட்டு எழுத்தின் வயதாக எந்தப் படிகளின் வழியே மாறுகிறது, ஒவ்வொரு படியும் எதைக் கருதிக்கொள்கிறது, ஒரே ஒரு மாதிரி எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை மாதிரிகள் ஒத்துப்போனால் அந்தப் பாரத்தை நம்பி ஏற்றலாம் என்று தாமே வரிசைப்படுத்திச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவரால்தான் அந்த முடிவை எதிர்ப்பவர்களுக்கும் பதில் சொல்ல முடியும்.

இவ்வாறு கேள்வி கேட்கக் கற்பித்தால் அறிவியலின்மேல் உள்ள நம்பிக்கையே குலைந்துவிடாதா என்று சக பேராசிரியர்கள் சிலர் கவலைப்படுவதை அறிவேன். தடுப்பூசியையும் பருவநிலை மாற்றத்தையும் மறுப்பவர்களும் ‘கேள்விதானே கேட்கிறோம்’ என்றே தொடங்குகிறார்கள் என்பது அவர்கள் வாதம். புறந்தள்ளக்கூடிய வாதமன்று. கொரோனா காலத்தில் நடந்த ஒன்றை எடுத்துப் பார்ப்போம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை மருத்துவப் பணியாளர்கள் முன்தடுப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2020 மார்ச்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது. அப்போதிருந்த சான்று மிகக் குறைவு. மே மாதம் லான்செட் இதழில், இந்த மருந்து இறப்பைக் கூட்டுகிறது என்று ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது, உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையின் அந்தப் பிரிவை உடனே நிறுத்தி வைத்தது. இரண்டு வாரத்துக்குள் அந்த ஆய்வே திரும்பப் பெறப்பட்டது. தரவு தந்ததாகச் சொன்ன நிறுவனம் மூலத் தரவைச் சரிபார்க்கத் தரவில்லை. அடுத்த நாளே பிரிட்டனின் ‘ரெக்கவரி’ சோதனை, மருத்துவமனை நோயாளிகளில் சீட்டுக் குலுக்கல் முறையில் மருந்து பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டு, மருந்தால் பயனில்லை என்று அறிவித்தது.

செய்தித்தாளில் இதைப் படித்த சாதாரண வாசகருக்கு, இன்று ஒன்று சொல்லி நாளை மாற்றிச் சொல்லும் கூட்டமாகவே அறிவியலாளர்கள் தெரிந்திருப்பார்கள். மறுப்பாளர் பயன்படுத்திக்கொள்வதும் அந்தத் தோற்றத்தைத்தான். அறிவியலின் தன்மையைக் கற்றவர் இங்கே வேறு ஒன்றைக் காண்பார். நான்கு வகைச் சான்றுகள் இங்கே மோதின: ஆய்வகக் குழாயிலிருந்து வந்த நம்பிக்கை, மருத்துவர்களின் அனுபவம், மருத்துவமனைப் பதிவேடுகளை அலசிய ஆய்வு, சீட்டுக் குலுக்கிய சோதனை. இவை சம எடை கொண்டவை அல்ல. கடைசியானது ஏன் மற்றவற்றைவிடக் கனமானது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. யாருக்கு மருந்து கொடுப்பது என்பதை மருத்துவரின் கருணையோ நோயாளியின் வசதியோ தீர்மானிக்காதபோதுதான், பிழைத்தவர் மருந்தால் பிழைத்தாரா என்று கேட்கவே முடியும். இந்த எடைபோடலைக் கற்றவர் தடுப்பூசி மறுப்பாளரிடம் தடுமாற மாட்டார். ‘அறிவியல் சொல்லிவிட்டது, ஏற்றுக்கொள்’ என்று மட்டும் பழகியவரே, அறிவியல் ஒருமுறை மாற்றிச் சொன்னதும் நிலைகுலைந்து, எல்லாமே சந்தை வியாபாரம் என்ற முடிவுக்குப் போய்ச் சேர்கிறார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976இல் நம் அரசமைப்பில் 51ஏ பிரிவாகச் சேர்த்தோம். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தரே கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று பேசியதைப் பார்த்த பிறகும், பட்டமும் பதவியும் இருந்தால் அந்த மனப்பான்மை தானே வந்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

இரண்டாவது தடை நேரம். மூன்றாண்டில் முடிக்க வேண்டிய ஆய்வாளரிடம், உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று தெரியாத நிலையில், இன்னொரு பாடத்தைச் சுமத்துவதா என்று நெறியாளர்கள் கேட்பார்கள். புதிய பாடம் எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். இருக்கும் 30 மணி நேரத்திலேயே அளவைகளுக்கான ஏழு மணி நேரத்தை இரண்டாகக் குறைக்கலாம். எச் இன்டெக்ஸை இன்று எந்த ஆய்வாளரும் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார். தரமான இதழ்களை அடையாளம் காட்ட வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலையும் மானியக் குழு 2025இல் கைவிட்டுவிட்டது. எந்த இதழை நம்புவது என்பதை இனி நிறுவனங்களும் ஆய்வாளர்களும் தாங்களே தீர்மானிக்க வேண்டும். பட்டியல் போய்விட்ட நிலையில், பகுத்துப் பார்க்கும் ஆற்றலன்றி அவர்கள் கையில் வேறு என்ன இருக்கிறது?

யார் நடத்துவது என்ற கேள்வியே உண்மையில் கடினமானது. தமிழ்நாட்டில் தத்துவத் துறை உள்ள பல்கலைக்கழகங்களே சில. அறிவியல் தத்துவத்தில் பயிற்சி பெற்றவர்கள் அதிலும் சிலர். அவர்களை மட்டும் நம்பினால் மறுபடியும் ஒரே அரங்கு, ஒரே பவர்பாயின்ட் என்றாகிவிடும். தத்துவ ஆசிரியர் ஒருவரும் அந்தந்தத் துறையின் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு ஆய்வாளர்கள் கொண்ட சிறு குழுவுக்கு நடத்துவதே சரியான வழி. துறை ஆசிரியர் இல்லாமல் தத்துவம் அந்தரத்தில் தொங்கும். தத்துவ ஆசிரியர் இல்லாமல் துறை ஆசிரியர் தமக்குப் பழகிப்போனதையே இயற்கை விதி என்று சொல்லிக்கொண்டிருப்பார். 1944இல் ஐன்ஸ்டைன், இயற்பியல் வகுப்பில் அறிவியல் தத்துவத்தைச் சேர்க்க விரும்பிய இளம் ஆசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வரலாறும் தத்துவமும் அறிந்த அறிவியலாளருக்குத் தம் தலைமுறையின் முற்சாய்வுகளிலிருந்து விடுபட்டு நிற்கும் சுதந்திரம் கிடைக்கிறது என்ற கருத்தைச் சொன்னார். அந்தச் சுதந்திரம் நெறியாளரிடமிருந்தும் சற்று விடுபட்டு நிற்பதையும் உள்ளடக்கும். நம் ஊரில் இது எளிதன்று. ‘சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற பணிவோடு ஐந்தாண்டு கழித்தவரிடம், இறுதியில் ‘சுயமான பங்களிப்பு’ என்ற சான்றிதழில் கையெழுத்து வாங்குகிறோம். ஆய்வாளர் தம் நெறியாளரின் வெளியான கட்டுரை ஒன்றையே எடுத்து, அதன் பலவீனமான கண்ணியைச் சுட்டிக்காட்டி மூன்று பக்கம் எழுத வேண்டும், அதை நெறியாளரே திருத்தாமல் வேறொருவர் மதிப்பிட வேண்டும் என்று வைத்தால், முதல் ஆண்டு சற்றுச் சலசலப்பு எழும். எழட்டுமே.

பாடம் நடக்கும் காலமும் மாற வேண்டும். சேர்ந்த உடனே, கையில் தரவு எதுவும் இல்லாத முதல் பருவத்தில், சான்றின் தன்மையைப் பேசுவது நீரில் இறங்காதவனுக்கு நீச்சல் வகுப்பு எடுப்பதற்கு ஒப்பாகும். முதல் பருவத்தில் பாதியை நடத்திவிட்டு, மீதியை இரண்டாம் ஆண்டில், ஆய்வாளரின் சொந்தத் தரவை மேசைமேல் வைத்து நடத்தலாம். 2022 விதிமுறைப்படி ஒவ்வொரு பருவமும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் அவர் நின்று முன்னேற்றத்தைச் சொல்லத்தான் போகிறார். அந்தக் கூட்டத்தில், எத்தனை பேப்பர் ஆயிற்று என்ற கேள்விக்கு முன்பாக, ‘எந்த முடிவு வந்திருந்தால் உங்கள் கருத்தைக் கைவிட்டிருப்பீர்கள், அப்படி ஒரு முடிவு வர வழிவிட்டு உங்கள் சோதனையை அமைத்தீர்களா’ என்று ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவு எதுவுமில்லை. ஆய்வேட்டிலும், ‘ஆய்வின் வரம்புகள்’ என்று கடைசியில் ஒப்புக்கு எழுதப்படும் அரைப் பக்கத்துக்குப் பதிலாக, ஒதுக்கிய தரவு, தோற்ற முயற்சி, நம்பிக்கை குறைந்த முடிவு ஆகியவற்றைச் சொல்லும் முழு இயல் ஒன்றைக் கேட்கலாம். பொது வாய்மொழித் தேர்வு இப்போது பொன்னாடையும் குழுப் படமும் மதிய விருந்துமாக இனிதே நடக்கிறது. அதில் இந்த இயலைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் கேட்டால், விருந்து ஆறிவிடாது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டெல்லியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மானியக் குழு சொல்வது குறைந்தபட்ச அளவு. அந்த 30 மணி நேரத்துக்கு மேல் சேர்ப்பதற்கோ, கோர்ஸ் ஒர்க்கின் பிற கிரெடிட்டுகளுக்குள் அறிவியலின் தன்மை குறித்த அலகு ஒன்றை அமைப்பதற்கோ பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றிரண்டாவது, அடுத்த முனைவர் பட்டச் சேர்க்கைக்கு முன் கூடும் பாடத்திட்டக் குழுவில் இதை எடுத்துக்கொண்டு, இயற்பியல், கல்வியியல், தொல்லியல் ஆகிய மூன்று துறைகளில் மட்டும் முதலில் நடத்திப் பார்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி நடத்த முன்வரும் துறைகளுக்கு, இராமநாதன் கண்ட ஒளியிலிருந்து தொடங்கும் வகுப்புகளை நேரில் வந்து நடத்தித் தர, ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.